'ராகிட் டிக்' கதையை வைத்து ஆங்கிலம் எழுதப் பழகுவது எப்படி?

ஆங்கிலக் கதையைப் படித்தால் புரிகிறது, நாலு வரி சொந்தமாக எழுதச் சொன்னால் கை ஓடவில்லை என்பவர்களுக்கான செய்முறை இது. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும், முக்காலமும் ஓரளவு பிடிபடும் என்று வைத்துக்கொண்டே தொடங்குகிறேன்.

வேண்டியவை இரண்டு: ஒரு கதை, ஒரு முறை.

கதை, ஹொரேஷியோ ஆல்ஜர் எழுதி 1868இல் பாஸ்டனில் புத்தகமாக வந்த 'ராகிட் டிக்'. தலைப்பைக் 'கந்தல் டிக்' என்று சொல்லலாம். நியூயார்க் தெருக்களில் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுப் பிழைக்கும் 14 வயதுப் பையன் டிக். வைக்கோல் போட்ட மரப்பெட்டிக்குள் தூங்குகிறவன். பொய் சொல்லமாட்டான், திருடமாட்டான், ஆனால் கையில் காசு தங்காது. அவனுக்கு ஒரு கட்டத்தில் மதிப்பாக வாழவேண்டும் என்ற ஆசை வருகிறது. வாடகைக்கு அறை எடுக்கிறான், வங்கியில் கணக்குத் தொடங்குகிறான், எழுதப் படிக்கக் கற்கிறான்.

முறை, பெஞ்சமின் பிராங்க்ளினுடையது. 12 வயதில் பாஸ்டனில் அண்ணனின் அச்சுக்கூடத்தில் வேலை பழகச் சேர்ந்தவர் அவர். தன் எழுத்தில் நயமும் தெளிவும் போதவில்லை என்று தந்தை எடுத்துக்காட்டியதும், 'ஸ்பெக்டேட்டர்' இதழ்த் தொகுதி ஒன்றை வாங்கி, வேலைக்கு முன்னும் பின்னும் கிடைத்த நேரத்தில் தானே பயிற்சி செய்தார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சிறு குறிப்பு எழுதிவைப்பது. சில நாள் கழித்து, மூலத்தைப் பார்க்காமல் அந்தக் குறிப்புகளிலிருந்து முழுக் கட்டுரையையும் திரும்ப எழுதுவது. பிறகு ஒப்பிட்டுத் திருத்துவது. தன்வரலாற்றில் இதை அவரே விளக்கியிருக்கிறார். இன்றைக்கும் இதைவிடச் சிக்கனமான எழுத்துப் பயிற்சி கிடையாது என்பது என் உறுதியான கருத்து.

இந்தக் கதையையே ஏன் சொல்கிறேன் என்றால், இதில் நடப்பதெல்லாம் பேச்சும் கொடுக்கல் வாங்கலும்தான். கூலி பேசுவது, மீதி கொடுப்பது, வாக்குக் கொடுப்பது, வேலை கேட்பது, வாடகை பேரம். நமக்கு ஆங்கிலம் தேவைப்படும் இடங்களும் இவையே.

தயார் செய்ய வேண்டியவை

புத்தகம் பதிப்புரிமை முடிந்தது. ப்ராஜெக்ட் குட்டன்பெர்க் தளத்தில் இலவசம். மொத்தம் 27 அத்தியாயங்கள். போனில் படிக்கலாம், ஆனால் பயிற்சி செய்யும் அத்தியாயத்தைத் தாளில் அச்சடித்துக்கொள்ளுங்கள். திரையில் இருந்தால் 'ஒரே ஒரு தடவை பார்த்துக்கொள்வோம்' என்று விரல் தானாகப் போகும்.

ஒலிவடிவம் லிப்ரிவாக்ஸ் என்ற ஒலிப்புத்தகத் தளத்தில் கிடைக்கும், அதுவும் இலவசம். நீளமான கோடு போட்ட நோட்டு ஒன்று, நீலப் பேனா, சிவப்புப் பேனா.

அகராதியில் மட்டும் கவனம் தேவை. ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே எழுதப்பட்ட ஆங்கில–ஆங்கில அகராதியை முதலில் பாருங்கள்; ஆக்ஸ்போர்டின் கற்போர் அகராதி இணையத்தில் இலவசம். அதில் பிடிபடாவிட்டால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலம்–தமிழ் அகராதி. வீட்டில் க்ரியாவின் அகராதி இருந்தால், அது தமிழ்ச் சொல்லிலிருந்து தொடங்குவது; இந்தப் பயிற்சியில் அதற்கு வேலை குறைவு.

படி 1: காதால் கேட்பது

அத்தியாயத்தை 0.8 வேகத்தில் ஒருமுறை, தாளைப் பார்த்துக்கொண்டே கேளுங்கள். தெரியாத சொல் வந்தால் அடிக்கோடு மட்டும் போடுங்கள், நிறுத்தாதீர்கள். மறுமுறை சாதாரண வேகத்தில். அவ்வளவுதான்.

படி 2: குரல்களைப் பிரிப்பது

தொடக்கநிலையில் இருப்பவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். டிக்கை நமக்குப் பிடித்துப்போகும், அவன் பேசுவதையே நாமும் எழுதத் தொடங்குவோம். ஆனால் டிக் பேசுவது பள்ளிக்கே போகாத தெருப்பையனின் ஆங்கிலம். ஆசிரியர் வேண்டுமென்றே அப்படி எழுதியிருக்கிறார். 'எய்ண்ட்' என்பான், ஒரு எதிர்மறை போதும் என்ற இடத்தில் இரண்டு போடுவான். தேர்வுத்தாளிலும் வேலை விண்ணப்பத்திலும் இவை பிழை.

ஆகவே தாளில் மூன்று குரல்களைக் குறியுங்கள். கதை சொல்பவரின் வாக்கியங்களுக்கு ஓரத்தில் நீலக் கோடு. கிரேசன், ஃபிராங்க் விட்னி, பிறகு வரும் ஹென்றி ஃபோஸ்டிக் போன்ற படித்தவர்களின் பேச்சுக்கும் நீலம். டிக், ஜானி நோலன் போன்ற தெருப்பையன்களின் பேச்சுக்குச் சிவப்பு. நீலத்தைப் பின்பற்றி எழுதுங்கள். சிவப்பைக் கேட்டுப் புரிந்துகொள்ளுங்கள், பின்பற்றாதீர்கள்.

சிவப்பு வீண் என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு சிவப்பு வாக்கியத்தையும் படித்தவர் சொல்வதுபோல் மாற்றி எழுதினால் அதுவே அருமையான இலக்கணப் பயிற்சி. கதைக்குள் ஃபோஸ்டிக் செய்வதும் அதுதான். டிக் தன் அறையில் அவனுக்கு இடம் கொடுக்கிறான்; கைமாறாக அவன் மாலைதோறும் டிக்குக்குப் பாடம் சொல்லித் தருகிறான்.

சிவப்பு வாக்கியங்களில் வரும் மூன்று சிக்கல்களைத் தனியே சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, தலை வெட்டிய சொற்கள். 'ஸ்பெக்டபிள்' ஆக வளரப்போகிறேன் என்பான் டிக். அகராதியில் தேடினால் கிடைக்காது. சொல்லுக்கு முன்னால் மேலே ஒரு சிறு குறி இருக்கும். அங்கே ஓர் அசை விழுங்கப்பட்டிருக்கிறது என்று அதற்குப் பொருள். முழுச் சொல் 'ரெஸ்பெக்டபிள்', மதிப்புக்குரியவன். அந்தக் குறியைக் கண்டால் அகராதியை மூடிவிட்டு, வாக்கியத்தை வாய்விட்டுப் படியுங்கள். பெரும்பாலும் காது கண்டுபிடித்துவிடும்.

இரண்டாவது, மரபுத்தொடர். அதே இடத்தில் 'டர்ன் ஓவர் எ நியூ லீஃப்' என்று வரும். 'லீஃப்' என்றதும் இலை என்று எடுத்துக்கொண்டால் பொருள் கெட்டுவிடும். அது புத்தகத்தின் தாள். புதுப் பக்கம் புரட்டுவது, அதாவது பழைய போக்கை விட்டுப் புதிதாகத் தொடங்குவது. ஓலையையும் தாளையும் ஏடு என்றே சொல்லிப் பழகிய நமக்கு இது ஒருமுறை விளங்கினால் மறக்காது.

மூன்றாவது, கிண்டல். தன் பணமெல்லாம் ஈரி ரயில்வேயில் முதலீடாகிவிட்டது என்பான். கிழிந்த கோட்டு ஜெனரல் வாஷிங்டனுடையது என்றும், கால்சட்டை பிரான்ஸ் பேரரசர் லூயி நெப்போலியன் அனுப்பியது என்றும் சொல்வான். பொய் சொல்லாத பையன் இப்படி அளக்கிறானே என்று குழம்ப வேண்டாம். கேட்பவருக்கும் அது விளையாட்டு என்று தெரியும். ஈரி ரயில்வேப் பங்குகளைக் கைப்பற்றப் பெரும் பணக்காரர்கள் மோதிக்கொண்ட ஆண்டுதான் 1868. கையில் சல்லிக்காசு இல்லாத பையன் அந்தப் பெயரைச் சொன்னதும் சிரிப்பு வந்திருக்கும். மொழிபெயர்ப்புச் செயலிகளை நம்பி இந்தப் பகுதியைப் படித்தால், கிண்டலும் கொச்சையும் தேய்ந்துபோய் வழவழவென்று ஒரு தமிழ் வந்து நிற்கும். இந்தப் பயிற்சியில் அவை வேண்டாம்.

படி 3: 120 முதல் 150 சொல் வரை

முழு அத்தியாயத்தையும் எடுக்காதீர்கள். 150 சொல்லுக்கு மேல் போனால் குறிப்புகள் பெருகி அலுப்புத் தட்டும். 100க்குக் கீழே போனால் மனப்பாடமாகவே நினைவில் நின்றுவிடும், பயிற்சி ஆகாது.

முதல் பகுதியாக முதல் அத்தியாயத்தின் கிரேசன் காட்சியை எடுங்கள். ஷூ பாலிஷுக்குக் கூலி 10 சென்ட். கிரேசனிடம் 25 சென்ட்டுக்குக் குறைந்து எதுவும் இல்லை, டிக்கிடம் சில்லறை இல்லை. நிற்க நேரமில்லாததால் 25 சென்டையும் கொடுத்துவிட்டு, மீதியை ஃபுல்டன் தெரு 125ஆம் எண்ணில் இருக்கும் தன் அலுவலகத்தில் சேர்க்கச் சொல்லிப் போகிறார். பையன் நாணயமானவனா என்ற சந்தேகமும் அவருக்கு உண்டு. கதை முழுவதும் டிக்குக்குப் பிறர் தரும் நம்பிக்கை இந்த 15 சென்டிலிருந்து தொடங்குகிறது. டிக் அதைக் கொண்டுபோய்க் கொடுக்கும் காட்சி வரும்போது அதையும் இதே முறையில் செய்யுங்கள், இரண்டும் ஜோடி.

ஒரு குறுக்குச் செய்தி. 25 சென்ட் என்றால் நாணயம் என்றே நமக்குத் தோன்றும். உள்நாட்டுப் போர்க்காலத்தில் அமெரிக்காவில் நாணயங்கள் பதுக்கப்பட்டதால், 1862 முதல் சென்ட் மதிப்புக்கே காகித நோட்டு அச்சிட்டார்கள். அக்காலக் கதைகளில் சில்லறைக்கும் நோட்டு என்று வந்தால் அச்சுப்பிழை என்று நினைக்காதீர்கள்.

படி 4: குறிப்பு

ஒரு வாக்கியத்துக்கு அதிகபட்சம் மூன்று சொல். ஆங்கிலச் சொற்களாகவே இருக்கட்டும். தமிழில் குறிப்பு எழுதினால் மூன்று நாள் கழித்து நீங்கள் செய்வது மொழிபெயர்ப்பு; வினைச்சொல் வாக்கியத்தின் கடைசிக்கு ஓடிவிடும். 'கிரேசன் – குவார்ட்டர் – சேஞ்ச்' என்பது நல்ல குறிப்பு ('குவார்ட்டர்' என்றால் 25 சென்ட்). நாலாவது சொல் சேர்ந்தால் மூல வாக்கியம் பாதி வந்துவிடும். வினைச்சொல்லை எழுதும்போது காலம் காட்டாமல் எழுதுங்கள். காலத்தைப் பிறகு நீங்களே முடிவு செய்ய வேண்டும்.

படி 5: மூன்று நாள் கழித்து எழுதுவது

தாளை வேறு அறையில் வையுங்கள். 30 நிமிடம். அகராதி, போன் இரண்டும் கூடாது. சொல் வராத இடத்தில் கோடு போட்டு இடம் விடுங்கள். அந்தக் காலி இடங்கள்தான் உங்களுக்கு எந்தச் சொல் தேவை என்று காட்டும் பட்டியல். எட்டிப் பார்த்து நிரப்பினால் அந்தப் பட்டியல் கிடைக்காமல் போய்விடும். மீதிக் காசைத் திருப்பிக் கொடுத்த பையனின் கதையை வைத்துப் பழகுகிறோம். இந்த அரைமணி நேரம் நாமும் அப்படியே இருக்க வேண்டும்.

உரையாடலை மேற்கோளாக எழுதாமல், 'அவர் இப்படிச் சொன்னார்' என்று கதை சொல்பவர் நடையில் எழுதுங்கள்.

படி 6: ஒப்பிட்டுத் திருத்துவது

சிவப்புப் பேனா. முதலில் சிக்குபவை அயற்கூற்று வாக்கியங்கள், அதாவது ஒருவர் சொன்னதை நாம் நம் வாயால் சொல்பவை. தமிழில் 'மீதியை என் ஆபீசில் கொடுத்துவிடு என்றார்' என்று, சொன்னதை அப்படியே வைத்து ஓர் 'என்று' போட்டால் முடிந்தது. அதே பழக்கத்தில் 'ஹி டோல்ட் லீவ் தி சேஞ்ச் இன் மை ஆபீஸ்' என்று எழுதுவோம். இந்த ஒரு வரியில் நான்கு பிழை. 'டோல்ட்' வந்தால் யாரிடம் என்பது உடனே வரவேண்டும்: 'டோல்ட் டிக்'. கட்டளையை மாற்றும்போது 'டு' வேண்டும். 'மை' என்றால் எழுதுகிற உங்கள் ஆபீஸ் ஆகிவிடும், 'ஹிஸ்' வேண்டும். இந்த இடத்தில் 'இன்' அல்ல, 'அட்'. திருத்தியது: 'ஹி டோல்ட் டிக் டு லீவ் தி சேஞ்ச் அட் ஹிஸ் ஆபீஸ்'. இதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். 27 அத்தியாயத்திலும் இந்த அச்சு பயன்படும்.

'வருவேன்' என்று டிக் சொன்னதை எழுதும்போது 'வில்' என்பது 'வுட்' ஆகும். தமிழில் இப்படி மாறாது, அதனால் கண்ணில் படவே படாது. தனியே ஒருமுறை இதற்காக மட்டும் படித்துப் பாருங்கள்.

அடுத்தது 'எ', 'தி'. தமிழில் இந்த இரண்டுக்கும் நேர்ச்சொல் இல்லை. முதல்முறை சொல்லும்போது 'எ பாய்', வாசகருக்குத் தெரிந்த பிறகு 'தி பாய்'. எழுதியதில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லையும் வட்டமிட்டு, முன்னால் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். 'ஹானஸ்ட்' என்ற சொல்லில் முதல் எழுத்தை உச்சரிப்பதில்லை. 'ஆனஸ்ட்' என்றே ஒலிக்கும். அதனால் 'அன் ஹானஸ்ட் பாய்'. இந்தக் கதையில் அடிக்கடி தேவைப்படும் சொல், அடிக்கடி தவறாகும் சொல்லும் அதுதான்.

'சேஞ்ச்' என்பது சில்லறையையும் குறிக்கும், மீதியையும் குறிக்கும். இரண்டு பொருளிலும் பன்மை கிடையாது. 'சேஞ்சஸ்' என்று எழுதினால் கிரேசன் அலுவலகத்தில் டிக் மாற்றங்களைக் கொண்டுபோய்க் கொடுத்ததாக ஆகிவிடும்.

உங்கள் வாக்கியம் மூலத்திலிருந்து வேறுபட்டாலும் இலக்கணம் சரியாக இருந்தால் அடிக்காதீர்கள். சில இடங்களில் மூலத்தையே தான் மேம்படுத்திவிட்டதாகத் தோன்றி மகிழ்ந்ததாக பிராங்க்ளினும் எழுதியிருக்கிறார்.

படி 7: குறிப்புகளைக் கலைப்பது

இது மாதம் ஒருமுறை போதும். குறிப்புகளைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கலைத்துப்போட்டு, சில வாரம் கழித்து வரிசைப்படுத்தி எழுதுங்கள். 'பட்', 'ஸோ', 'பிஃபோர்' போன்ற இணைப்புச் சொற்கள் இதில்தான் கைக்கு வரும்.

பிறகு சேர்த்தவை

சாட்ஜிபிடியிடம் கொடுத்துத் திருத்தலாமா என்று பலர் கேட்டிருந்தார்கள். படி 6ஐ நீங்கள் முடித்த பிறகு மட்டும். 'திருத்தி எழுது' என்று கேட்காதீர்கள். 'பிழை இருக்கும் வரிகளின் எண்ணை மட்டும் சொல்' என்று கேளுங்கள். திருத்தம் உங்கள் கையால் நடக்கட்டும்.

பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அயர்லாந்திலிருந்து வந்த ஏழைகளை இளக்காரமாகப் பார்த்த காலத்து எழுத்து இது. வம்புக்கு வரும் மிக்கி மக்வயரைக் காட்டும் விதத்தில் அது தெரியும். பிள்ளைகளோடு உட்கார்ந்து, அப்படிக் காட்டுவது ஏன் தவறு என்று பேசிவிட்டுப் படியுங்கள்.

வாரம் ஓர் அத்தியாயம் என்றால் 27 வாரம். அதற்கு நேரமில்லாதவர்கள் ஐந்தை எடுக்கலாம்: முதல் அத்தியாயம், கிரேசனிடம் காசு திரும்பும் இடம், மாட் தெருவில் அறை பிடிப்பது, வங்கிப் புத்தகம் திருட்டுப்போவது, 26ஆம் அத்தியாயம். கடைசியில் சொன்னதில் படகிலிருந்து தண்ணீரில் விழுந்த சிறுவனை டிக் குதித்துக் காப்பாற்றுவான். வேகமாக நடக்கும் செயல்கள் அடுத்தடுத்து வருவதால் இறந்தகால வினைகளுக்கு அதைவிடச் சிறந்த பகுதி இல்லை. அதற்கு மட்டும் குறிப்பை மூன்று சொல்லிலிருந்து இரண்டாகக் குறையுங்கள்.