ஐப்பசியில் ஹைட்ரைடு செய்பவர்களுக்கு

ஐப்பசி அடைமழையில் தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் உப்பு ஜாடியே நீர்விட்டுக் கிடக்கும். அதே காற்றுதான் நம் கல்லூரி ஆய்வகத்திலும். உலோக ஹைட்ரைடு, அதாவது உலோகமும் ஹைட்ரஜனும் சேர்ந்த சேர்மம், செய்ய இறங்கும் மாணவர்கள் முதலில் சறுக்குவதும் இந்த ஈரத்தில்தான். ஓவனில் காய்ந்த குடுவையை எடுத்து, பேச்சுவாக்கில் மேசைமேல் ஆறவிடுவார்கள். ஆற ஆறக் கண்ணாடியில் ஈரம் திரும்பப் படிந்துவிடும். சூட்டோடு சூடாகப் பொருத்தி, ஆர்கான் ஓடும்போதே ஆறவிடுங்கள். பொருள்களை ஈரம் படாமல் வைக்கும் மூடிய பாத்திரமான டெசிகேட்டரில், ஈரம் உறிஞ்சும் நீல சிலிகா ஜெல் இளஞ்சிவப்பாகிவிட்டதா? அப்படியானால் அது அலங்காரப் பொருள்தான்.

ஆர்கான் என்றது வேண்டுமென்றே. 'மந்த வாயுதானே' என்று நைட்ரஜனைத் திறந்துவிடுவோர் உண்டு. சோடியத்துக்குப் பரவாயில்லை. லித்தியமோ சாதாரண வெப்பத்திலேயே நைட்ரஜனோடு சேர்ந்து நைட்ரைடாகும். சூடேறிய கால்சியமும் அப்படியே.

பலரையும் ஏமாற்றுவது தராசு. 24.3 கிராம் மெக்னீசியம் முழுதும் ஹைட்ரைடானால் கூடும் எடை சுமார் 2 கிராம். அதுவே ஆக்சிஜனோடு சேர்ந்து ஆக்ஸைடானால் 16 கிராம். ஆக, எட்டில் ஒரு பங்கு ஆக்ஸைடானாலே அதே 2 கிராம் கூடிவிடும். ஹைட்ரஜன் ஒரு துளிகூட ஏறியிருக்காது! எந்தச் சேர்மம் என்று காட்டும் எக்ஸ்ரே டிஃப்ராக்‌ஷன் பார்க்காமல் 'ஹைட்ரைடு வந்துவிட்டது' என்று நோட்டில் எழுத வேண்டாம். அழுத்தமானியும் இதே ரகம். உலோகம் ஹைட்ரஜனை உள்வாங்கினாலும் முள் இறங்கும், இணைப்பு கசிந்தாலும் இறங்கும், கரண்டு போய் உலை ஆறினாலும் இறங்கும். ஒவ்வொரு அளவோடும் வெப்பநிலையைக் குறியுங்கள். சோப்பு நீர் தடவிக் கசிவு பார்க்கும் வேலையை உலையை மூட்டும் முன்பே முடித்துவிடுங்கள்.

குழாயில் காற்று மிச்சமிருக்க ஹைட்ரஜனை விட்டுச் சூடேற்றுவது விளையாட்டல்ல. காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை ஹைட்ரஜன் இருந்தால் தீப்பற்றும். இவ்வளவு அகலமான எல்லை சமையல் எரிவாயுவுக்குக்கூடக் கிடையாது.

மிச்ச ஹைட்ரைடை அழிக்கும்போது அவசரம் கூடாது. 1 கிராம் லித்தியம் அலுமினியம் ஹைட்ரைடு என்றால், ஈதரில் கலந்து, பனிக்கட்டித் தொட்டியில் வைத்து, 1 மில்லி தண்ணீர், பிறகு 1 மில்லி 15 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடு, கடைசியில் 3 மில்லி தண்ணீர். எல்லாம் சொட்டுச் சொட்டாக, வாயுவை வெளியேற்றும் ஹூடுக்குள்.

தீ வாளியில் என்ன மணல் இருக்கிறது என்றும் பாருங்கள். ஆற்றுமணலை அள்ளி வந்து வாசலோரம் வைத்திருப்பார்கள், சாரலில் நனைந்திருக்கும். எரியும் ஹைட்ரைடில் அதைக் கொட்டினால் ஈரமே புது ஹைட்ரஜனைக் கிளப்பும். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரும் இதற்கு ஆகாது. மணலை ஓவனில் நன்றாகக் காயவைத்து, மூடி இறுகிய டப்பாவில், கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள்.