பிளஸ் டூ மாணவர்களுக்கு: நெல்லைச் சீமைக் கல்வெட்டைப் படிப்பது எப்படி?

உச்சி வெயிலில் போனால் கல்லில் எழுத்தே தெரியாது; காலையிலோ மாலையிலோ போங்கள். நிழலான சுவரென்றால் செல்போன் டார்ச்சைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். வெட்டுக்குள் நிழல் விழுந்து எழுத்து துலக்கமாகத் தெரியும். மாவு, சாக்பீஸ், எண்ணெய் எதையும் தேய்க்கவே கூடாது, கல் பாழாகிவிடும்.

அனுமதி வாங்கி, முதலில் முழுச் சுவரையும் படமெடுங்கள். பிறகு ஸ்கேல் வைத்து வரிவரியாக. எந்தத் திசைச் சுவர் என்று அங்கேயே குறியுங்கள்.

கழுகுமலைச் சமணச் சிற்பங்களின் கீழே இருப்பது வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்து வகை. அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். ‘மாறஞ்சடையன்’ என்ற பெயரை மட்டும் வைத்துக் காலம் சொல்லாதீர்கள். பாண்டியர் பலருக்கு அந்தப் பெயர் உண்டு.

கேரளத்திலும் நெல்லைப் பக்கமும் வழங்கிய கொல்லம் ஆண்டுக் கணக்கு வந்தால், கி.பி. ஆண்டைக் கண்டுபிடிக்க, ஆவணி முதல் கார்த்திகை வரை 824, தை முதல் ஆடி வரை 825 கூட்டுங்கள். மார்கழிக்கு இரண்டும் பொருந்தலாம்.