கல்வி வீடியோ கேம் வடிவமைப்பு: பொதுச் சட்டகம் இருந்தும் நேரும் தவறுகள்

ஆசிரியர், புரோகிராமர், ஓவியர் மூவரும் ஒரே கேமைத்தான் செய்வதாக நினைத்துக்கொண்டு ஆளுக்கொன்றைச் செய்துகொண்டிருப்பார்கள். அதைத் தடுக்கத்தான் பொதுச் சட்டகம். பலரும் எடுப்பது 2004-இல் வந்த எம்.டி.ஏ. (Mechanics, Dynamics, Aesthetics) என்ற சட்டகத்தை. விதிகள், ஆட ஆட அவற்றிலிருந்து விளையும் போக்கு, ஆடுபவருக்குக் கிடைக்கும் உணர்வு என்று கேமை மூன்றாகப் பிரிப்பது அது. நல்ல கருவிதான், ஆனால் கற்றலுக்கென்று அதில் தனி இடமில்லை. அப்படியே எடுத்துக்கொண்டால் பாடம் வெளியிலேயே நின்றுவிடும்.

பாடம் வெளியே நிற்பதுதான் ஆகப் பெரிய தவறு. வகுத்தல் கற்பிக்கும் ‘ஜாம்பி டிவிஷன்’ கேமில் எலும்புக்கூடுகளின் மார்பில் ஓர் எண் இருக்கும். அதை மீதியின்றி வகுக்கும் எண்ணுக்குரிய அடியைக் கொடுத்தால்தான் விழும். இதையே எண்கள் இல்லாத சண்டையாக்கி, ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் வகுத்தல் வினாக்களை வைத்து இன்னொரு வடிவமும் செய்தார்கள். ஹாப்குட், ஐன்ஸ்வொர்த் என்ற ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தைகள் கூடுதலாகக் கற்றது முதல் வடிவில். விருப்பம்போல ஆட விட்டபோது 7 மடங்குக்கு மேல் நேரம் செலவிட்டதும் அதில்தான்.

ஆகவே புரோகிராம் எழுதுவதற்கு முன்பே நான்கு பத்தியில் ஓர் அட்டவணை போடுங்கள். கற்க வேண்டியது: 1/8, 1/4-ஐவிடச் சிறியது. ஆடுபவர் செய்வது: 0-இலிருந்து 1 வரையுள்ள கோட்டில் தவளையை 1/8-இல் இறக்குவது. கேமின் பதில்: தவறினால் கோடு எட்டாகப் பிரிந்து காட்டும். சான்று: தவளை எவ்வளவு தள்ளி விழுந்தது. ‘கேமின் பதில்’ பத்தியில் ‘சிவப்புப் பெருக்கல் குறி’ என்று மட்டும் எழுதியிருந்தால் அந்த வரி இன்னும் முடியவில்லை.

சான்றுப் பத்தியைப் பெரும்பாலும் காலியாகவே விடுகிறார்கள். நான்கு விடைகளில் ஒன்றைத் தொடச் சொன்னால் குருட்டாம்போக்கில் தொட்டாலே 25% சரியாகும். தவறான விடைகள் பிள்ளைகள் உண்மையில் செய்யும் பிழைகளிலிருந்து வர வேண்டும். 1/2 + 1/3-க்கு 2/5-ஐத் திரும்பத் திரும்பத் தொடும் பிள்ளை, மேலே உள்ளதையும் கீழே உள்ளதையும் தனித்தனியாகக் கூட்டுகிறது. பதிவில் ‘தவறு’ என்று மட்டும் விழுந்தால் இது ஆசிரியருக்குத் தெரியவே தெரியாது. தொட்ட விடை, எடுத்த நேரம், உதவி கேட்டதா என எல்லாம் பதிவாகட்டும்.

டைமர் வாய்ப்பாட்டுப் பயிற்சிக்குச் சரி. புதிதாகப் பின்னம் கற்பவரை அது ஊகிக்கத்தான் வைக்கும்.

ஓவியரும் இந்த அட்டவணையைப் பார்த்தாக வேண்டும். தவளையின் குதியல் அனிமேஷன் 2 விநாடி என்றால் 60 குதியலுக்கு 2 நிமிடம் போய்விடும். முதல் முறைக்கு முழுதாக ஓடட்டும். பிறகு அரை விநாடி போதும்.