உங்கள் கார்பன் கணக்கை நீங்களே போடுவது எப்படி?

கார்பன் கணக்கு என்றால் நாம் பயன்படுத்துகிறவற்றால் எத்தனை கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது என்ற கணக்கு. ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோகூட இருக்காது. அதை எரித்தால் வெளியே வருகிற கார்பன் டை ஆக்சைடு 2.3 கிலோவுக்கு மேல். முதல் தடவை இதைப் படித்தபோது அச்சுப்பிழை என்றுதான் நினைத்தேன். பிழையில்லை, கூடுதல் எடை முழுக்கக் காற்றிலிருந்து வந்து ஒட்டிக்கொள்கிற ஆக்சிஜன். கார்பனின் அணு எடை 12, அதோடு 16 எடையுள்ள ஆக்சிஜன் இரண்டு சேர்ந்தால் 44. 44ஐ 12ஆல் வகுத்தால் 3.67. இந்த எண்ணை மட்டும் மறக்காதீர்கள்.

புகைக்குழாயில் கருவி வைத்து அளக்க வேண்டியதில்லை. எரிபொருள் எவ்வளவு உள்ளே போனது என்று ரசீதில் பாருங்கள், அதில் கார்பன் எத்தனை கிலோ என்று கண்டுபிடியுங்கள், 3.67ஆல் பெருக்குங்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் சுமார் 0.74 கிலோ, அதில் 87 சதவீதம் கார்பன், ஆக 0.64 கிலோ, பெருக்கினால் 2.35 வருகிறதா, அவ்வளவுதான். டீசல் லிட்டருக்கு 2.7 கிலோ அளவில் வரும். அதற்காக டீசல் மோசம் என்று அவசரப்பட வேண்டாம், அது அடர்த்தியானது, ஒரு லிட்டரில் கூடுதல் தூரமும் ஓடும். எல்பிஜி கிலோவுக்கு 3 கிலோ. நிலக்கரிக்கு மட்டும் இப்படி ஒரே எண் கிடையாது, ஈரமும் சாம்பலும் ரகத்துக்கு ரகம் மாறும், அதனால் ஆய்வக அறிக்கையில் இருக்கிற கார்பன் சதவீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து மின்சாரம். வீட்டில் புகை வராததால் பலர் இதைப் பூஜ்யம் என்று எழுதிவிடுகிறார்கள். புகை வேறு ஊரில் வருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். நிலக்கரியில் எடுத்த ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 1 கிலோ, நல்ல எரிவாயு நிலையமாக இருந்தால் அதில் பாதிக்கும் குறைவு. உங்கள் மின்தொகுப்பின் சராசரியை அரசு வெளியிட்டிருந்தால் அதைத் தேடி எடுத்து யூனிட்டால் பெருக்குங்கள். ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் கவனிக்க: டீசலை எழுதியாயிற்று என்றால் அதிலிருந்து வந்த மின்சாரத்தை மறுபடி எழுதாதீர்கள்.

இதுவரை சொன்னது எல்லாம் நெருப்புக் கணக்கு. நெருப்பில்லாமல் வருகிற கார்பன் டை ஆக்சைடுதான் ஆட்களை ஏமாற்றும். சிமெண்டுக்காக 100 கிலோ சுத்தமான சுண்ணாம்புக் கல்லைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு மிஞ்சும், 44 கிலோ வாயுவாகப் போய்விடும். சூளையைச் சூரிய வெப்பத்தில் ஓட்டினாலும் அந்த 44 கிலோ குறையாது, ஏனென்றால் அது கல்லுக்குள்ளேயே இருந்தது. இரும்பு உருக்குவதிலும் இதே சிக்கல் உண்டு: கோக் (நிலக்கரியிலிருந்து செய்கிற கரி) வெப்பத்துக்கு மட்டும் இல்லை, தாதுவிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்குவதும் அதுவே. ஹைட்ரஜனைத் தூய எரிபொருள் என்கிறார்கள், சரி, ஆனால் இயற்கை எரிவாயுவிலிருந்து எடுத்தால் கிலோவுக்கு 9, 10 கிலோ கார்பன் டை ஆக்சைடு வருகிறது. எதிலிருந்து எடுத்தது என்று கேட்காமல் பூஜ்யம் போடாதீர்கள்.

கார்பன் டை ஆக்சைடோடு கூடவே வருகிற மற்ற பொருள்களுக்குக் கணக்கில் தனிப் பத்தி வைத்துக்கொள்ளுங்கள். இயற்கை எரிவாயுவில் பெரும்பகுதியான மீத்தேன் 1 கிலோ எரிந்தால் 2.25 கிலோ தண்ணீர் வரும். குளிர்ந்த காலையில் வண்டியின் புகைக்குழாயில் சொட்டுவதும் இப்படி உண்டான தண்ணீர்தான். செய்திகளில் கார்பன் என்று போடுகிற படத்தில் பெரிய கோபுரத்திலிருந்து வெள்ளையாகக் கிளம்புவது பெரும்பாலும் நீராவி, கார்பன் டை ஆக்சைடு கண்ணுக்கே தெரியாது. அனல்மின் நிலையத்துச் சாம்பலைச் சிமெண்டில் கலக்கிறார்கள், சுட வேண்டிய கல் அந்த அளவுக்குக் குறைகிறது. கந்தகப் புகையைச் சுண்ணாம்புக் கல் கரைசலால் கழுவினால் ஜிப்சம் கிடைக்கும், கூடவே கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடும்! கார்பன் மோனாக்சைடு கணக்கில் சில்லறைதான், ஆனால் மூடிய அறையில் ஜெனரேட்டர் ஓட்டினால் ஆளையே கொன்றுவிடும்.

விறகை எரித்தால் வருவதைத் தனியாக எழுதுங்கள், மரம் காற்றிலிருந்து எடுத்ததுதான் திரும்பிப் போகிறது, வெட்டிய இடத்தில் மறுபடி வளர்ந்தால். நாம் மூச்சில் விடும் கார்பன் டை ஆக்சைடை எழுதவே வேண்டாம், அது சாப்பாட்டு வழியாகச் செடியிலிருந்து வந்தது.

கடைசியாக, எரியாமல் கசிந்த இயற்கை எரிவாயு, அதாவது பெரும்பாலும் மீத்தேன். இதற்கு 3.67 கணக்கு செல்லாது. மீத்தேன் 100 ஆண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைப் போல ஏறக்குறைய 28 மடங்கு சூடேற்றும், எனவே கசிந்த கிலோவை 28ஆல் பெருக்கித் தனி வரியில் போடுங்கள்.