எட்டு ஏக்கரில் நெல் எவ்வளவு, வாழை எவ்வளவு?

சேரன்மகாதேவிப் பக்கம், கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் 8 ஏக்கர் நன்செய் உள்ள ஒருவரிடம் ஆண்டுச் சாகுபடிச் செலவுக்கு 5,60,000 ரூபாய் இருப்பதாகக் கொள்வோம். கார், பிசானம் ஆகிய இரு பருவமும் நெல் வைக்க ஏக்கருக்கு 40,000 ரூபாயும், வாழைக்கு 1,20,000 ரூபாயும் செலவாகும் என்றும், செலவு போக நிற்கும் லாபம் முறையே 30,000, 50,000 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். இவை கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண்களே; அவரவர் வயலுக்கு உரியவற்றை இட்டுக்கொள்ளலாம்.

நெல்லின் பரப்பை நெ என்றும் வாழையின் பரப்பை வா என்றும் குறித்தால், நிலத்தின் வரம்பு நெ + வா ≤ 8 ஆகும். பணத்தின் வரம்பை 40,000ஆல் வகுத்துச் சுருக்கினால் நெ + 3வா ≤ 14 என்று வரும். நெ ≥ 0, வா ≥ 0 என்பவற்றையும் எழுத வேண்டும். மாணவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது இவற்றைத்தான். பெருமமாக்க வேண்டிய கோவை, அதாவது மொத்த லாபம், ஆயிரம் ரூபாய்க் கணக்கில், 30நெ + 50வா.

வரைபடத்தாளில் இந்த நான்கு கோடுகளும் வரப்புகளைப் போல அடைக்கும் பகுதியே ஏற்புடைய பகுதி. ஒரே லாபம் தரும் புள்ளிகளைச் சேர்க்கும் லாபக் கோட்டைச் சாய்வு மாறாமல் வெளிப்புறமாக நகர்த்திக்கொண்டே போனால், அது அப்பகுதியைக் கடைசியாகத் தொடுவது ஒரு மூலையிலோ, அரிதாக ஒரு விளிம்பு முழுவதிலுமோதான். ஆகவே மூலைகளைச் சோதித்தால் போதும். புள்ளிகளை (நெ, வா) என்ற வரிசையில் எழுதினால், (0, 8) என்ற புள்ளி மூலை போலத் தோன்றினாலும், 3 × 8 = 24 என்பது 14ஐ மீறுவதால் அதைத் தள்ள வேண்டும். ஆதிப்புள்ளியில் லாபம் சுழியம். (8, 0)இல் 240. (0, 14/3)இல் ஏறத்தாழ 233. இரு கோடுகளும் வெட்டும் (5, 3)இல் 300. எனவே 5 ஏக்கர் நெல், 3 ஏக்கர் வாழை, லாபம் 3,00,000 ரூபாய்.

பயிர்கள் மூன்றுக்கு மேற்பட்டால் தாளில் வரைய இயலாது. அப்போது அமெரிக்கக் கணிதவியலாளர் ஜார்ஜ் டான்சிக் 1947இல் வகுத்த சிம்ப்ளெக்ஸ் முறை மூலைக்கு மூலை நகர்ந்து விடை காணும்.

விடையோடு நிறுத்திவிடாமல், அது எதுவரை நிலைக்கும் என்றும் பார்க்க வேண்டும். நெல்லின் லாபம் மாறாதிருக்க, வாழையின் லாபம் ஏக்கருக்கு 30,000க்கும் 90,000க்கும் இடையில் எங்கு நின்றாலும் இதே பங்கீடுதான் சிறந்தது. விலை ஓரளவு ஏறி இறங்கினாலும் திட்டத்தை மாற்ற வேண்டியதில்லை. மேலும் 40,000 ரூபாய் கிடைத்தால் மூலை (4.5, 3.5)க்கு நகர்ந்து லாபம் 10,000 ரூபாய் கூடும். அந்தப் பணத்தை மாதம் நூற்றுக்கு 2 ரூபாய் வட்டிக்கு வாங்கினால் ஆண்டு வட்டி 9,600 ரூபாய் போக 400 ரூபாய் மிஞ்சும். 3 ரூபாய் வட்டியானால் 4,400 ரூபாய் கைநட்டம்.