கரை உடைந்த பேச்சைத் தேடுவது: லூசீனில் நட்சத்திரக் குறியும் சொல் நெருக்கமும்

கண்மாய்ப் பாசனம் பற்றி ஊர்ப் பெரியவர்கள் பேசியதைத் தட்டச்சு செய்து, லூசீன் என்ற தேடல் மென்பொருளில் ஏற்றி வைத்திருக்கிறேன். கரை எப்போது, எதனால் உடைந்தது என்று அவர்கள் சொன்ன ஒரு வரியும் விட்டுப்போகக் கூடாது என்பதுதான் என் கவலை.

சொல்லின் முடிவில் நட்சத்திரம் போட்டால் அந்த எழுத்துகளில் தொடங்கும் எல்லாச் சொல்லும் வரும். கரை* என்று மட்டும் தேடினால் கரையான், கரைந்து எல்லாம் வரும். உடை* என்றால் உடைமை, உடையார் வரும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று கேட்டால்தான் வேண்டியது கிடைக்கும்:

"கரை* உடை*"~6

நாம் எழுதும் தேடலைப் படித்துப் புரிந்துகொள்ளும் பகுதிதான் குவரி பார்சர். வழக்கமான குவரி பார்சரில் இதைக் கொடுக்காதீர்கள். மேற்கோளுக்குள் இருக்கும் நட்சத்திரத்தை அது மதிக்காது. பிழையும் காட்டாமல் வெறும் "கரை உடை"யைத் தேடும். காம்ப்ளெக்ஸ் ஃபிரேஸ் குவரி பார்சர்தான் வேண்டும். அதிலும் சொல் வரிசை கட்டாயம் என்பதே இயல்பு அமைப்பு. அதை நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் "உடைந்த கரையை" சிக்காது.

~6 என்பது இடையில் 6 சொல் வரை இருக்கலாம் என்பது. "கரை அந்த வருஷம் பெஞ்ச மழையில ஒடஞ்சுபோச்சு" என்பதில் இடையில் 4 சொல், அதனால் 6 போதும். ஆனால் உடை* இந்த வரியைப் பிடிக்காது, பேச்சு வழக்கையும் சேர்க்க வேண்டும். அப்படியே உடையாரையும் கழித்துவிடலாம்:

"கரை* (உடைந்* உடைஞ்* உடைத்* உடைப்* ஒடஞ்*)"~6

'உடைப்பெடுத்தது' என்பதற்காகவே உடைப்*.

தமிழில் கவனிக்க வேண்டியது புள்ளி. கண்மாய்* என்று கொடுத்தால் கண்மாய்க்கு வரும், கண்மாயில் வராது. யூனிகோடில் ய-வுக்குப் பின் புள்ளி ஒரு தனிக் குறி. 'யி'யில் அந்த இடத்தில் இகரக் குறி இருக்கிறது. புள்ளியை எடுத்துவிட்டு கண்மாய* என்று எழுதினால் எல்லா வேற்றுமையும் வந்துவிடும்.

உரையை ஏற்றும்போது அதைச் சொற்களாகப் பிரிக்கும் பகுதி அனலைசர். அதில் சொல்லை வேராக வெட்டும் வகை வேண்டாம். நட்சத்திரம் போட்ட சொல் அந்த வெட்டுக்குப் போகாது, இரண்டும் பொருந்தாமல் போகும். ஸ்டாண்டர்ட் அனலைசர் போதும்.

க* மாதிரி மிகச் சின்ன முன்னொட்டு கொடுத்தால் அது விரியும் சொற்கள் 1024 என்ற இயல்பு வரம்பைத் தாண்டி, தேடல் பிழையோடு நிற்கும். வரம்பைக் கூட்டுவதைவிட இன்னும் ஓர் எழுத்து சேர்ப்பது நல்லது. அப்புறம், முற்றுப்புள்ளி லூசீனுக்குத் தெரியாது. முதல் வாக்கியத்துக் கரையும் அடுத்த வாக்கியத்து உடைப்பும் சேர்ந்து வரும். அந்த வரிகளை நான் ஒவ்வொன்றாகப் படித்தே ஒதுக்குகிறேன்.