ஈரம் காக்கும் காயக்கட்டு: ஐதரோஜெல் செய்யத் தொடங்குவோருக்கு

வேளாண்மை வெட்டும்போது தாக்கத்தி பட்டவருக்கு எங்கள் மட்டக்களப்பு ஊர்களில் முதலில் சொல்லப்படும் புத்திமதி, புண்ணைக் காயவிட வேண்டும் என்பதுதான். ஆனால் ஆய்வாளர் ஜோர்ஜ் வின்டர் 1962இல் பன்றிகளின் தோலில் செய்த ஆய்வில், பொலித்தீன் தாளால் மூடி ஈரமாக வைத்த புண்களின் மேல், காயவிட்ட புண்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் புதுத்தோல் படர்ந்தது. பொருக்குக் கட்டினால் தோற்கலங்கள் அதன் அடியில் வழி தேடி ஊர வேண்டும். ஈரப் பரப்பில் அவை தடையின்றி நகரும். அந்த ஈரத்தைத் தன்னுள் பிடித்துவைத்துப் புண்ணுக்குக் கொடுப்பதே, நீரைத் தேக்கும் பல்பகுதிய (நீண்ட சங்கிலி மூலக்கூறுகளின்) வலையான ஐதரோஜெல்லின் வேலை.

இங்கே நாம் செய்வது ஆய்வுகூடப் பயிற்சி மட்டுமே. கிருமிநீக்கமும் பாதுகாப்புச் சோதனைகளும் நடைபெறாத இந்த ஜெல்லை யாருடைய புண்ணிலும் வைக்கக் கூடாது.

வாவி நண்டின் ஓட்டிலிருந்து கைற்றோசான் என்னும் பல்பகுதியத்தை எடுத்துச் செய்யலாமே என்று மாணவர்கள் கேட்பதுண்டு. நல்ல கேள்விதான், எனினும் அதற்குச் சூடான செறிந்த சோடியம் ஐதரொட்சைட்டுத் தேவைப்படுவதால், தொடங்குவோருக்கு நீரில் கரையும் பல்பகுதியமான பொலிவைனைல் அற்ககோல் தூளையே பரிந்துரைக்கிறேன். தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசை இதுவன்று. அது பெரும்பாலும் பொலிவைனைல் அசற்றேற்று.

முதலில் 90 மில்லிலீற்றர் காய்ச்சி வடித்த நீரைக் குளிர்ந்த நிலையிலேயே கலக்கிக்கொண்டு, 10 கிராம் தூளைச் சிறிது சிறிதாகத் தூவுங்கள். சுடுநீரில் கொட்டினால் தூளின் வெளிப்புறம் மட்டும் இளகி, உட்புறம் கரையாத கட்டிகளாகிவிடும். அவசரப்பட்டு நேரடிச் சுவாலையில் சூடாக்கி, அடிப்பிடித்த ஒரு முகவையை நான் எறிய நேர்ந்தது; அதன் பின்னர் முகவையைச் சுடுநீரில் அமர்த்திச் சூடாக்கும் நீர்த்தொட்டியைத் தவிர வேறெதையும் நான் பயன்படுத்துவதில்லை. முகவையை மூடி, நீர்த்தொட்டியில் 90 பாகை செல்சியசு அளவில் வைத்து, கரைசல் தெளியும்வரை இடைவிடாது கலக்க வேண்டும். ஒன்று அல்லது இரண்டு மணித்தியாலம் ஆகலாம். குமிழிகள் மேலெழுந்து மறைந்ததும் பெத்திரிக் கிண்ணங்களில் (மூடியுள்ள தட்டையான ஆய்வுகூடக் கிண்ணங்கள்) 3 அல்லது 4 மில்லிமீற்றர் உயரத்துக்கு ஊற்றி மூடுங்கள்.

இனிவருவது பொறுமைக்குரிய பகுதி. கிண்ணங்களை மாலையில் உறைகுளிர்ப் பெட்டியில் வைத்து, மறுநாள் காலையில் வெளியே எடுத்து, பகல் முழுவதும் அறைவெப்பநிலையில் இளகவிடுங்கள். நீர் பனிக்கட்டியாகும்போது பல்பகுதியச் சங்கிலிகள் இடுக்குகளுக்குள் ஒன்றாக நெருக்கப்பட்டு, நுண்ணிய பளிங்குகளாக இறுகுகின்றன. இந்தப் பளிங்குகளே வலையின் முடிச்சுகள். வேறு இரசாயன இணைப்பி எதுவும் சேர்க்கத் தேவையில்லாததால், நச்சு எச்சம் பற்றிய கவலை குறைகிறது. முதற் சுற்றின் பின் ஜெல் வலுவின்றி இருக்கும்; மூன்றாவது சுற்றின் பின் வெண்மையாகி, இழுத்தால் நீண்டு மீளும். இரவில் மின்சாரம் தடைப்பட்டிருந்தால் அந்தச் சுற்றைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அடுத்து அளவீடு. ஒரு துண்டை 50 பாகையில், நிறை மாறாத நிலை வரும்வரை உலர்த்தி நிறுங்கள். பின்னர், ஒரு லீற்றர் நீரில் 9 கிராம் உப்புக் கரைத்த கரைசலில் 24 மணித்தியாலம் ஊறவைத்து, மேற்பரப்பை மெல்ல ஒற்றியெடுத்து மீண்டும் நிறுங்கள். உலர்நிறை 0.20 கிராமும் ஊறிய நிறை 0.90 கிராமும் என்றால், உறிஞ்சிய 0.70 கிராமை உலர்நிறையால் வகுத்து 350 சதவீத வீக்கம் என எழுதலாம். நீரால் நிறைந்த ஜெல் மேலும் உறிஞ்சுவது குறைவு. ஆகவேதான், வைத்தியர்கள் இவ்வகைக் கட்டை வறண்ட புண்ணுக்கும் சிறு தீக்காயத்துக்கும் தெரிவுசெய்கிறார்கள். நீர் அதிகம் வடியும் புண்ணில் வைத்தால் சுற்றியுள்ள நல்ல தோல் ஊறி வெளிறிப்போகும்.

கச்சான் என்னும் வறண்ட காற்று வீசும் மாதங்களில் இன்னொரு சோதனையையும் செய்துபாருங்கள். திறந்த யன்னலருகே வைத்த துண்டு விரைவில் ஓரம் சுருண்டு விறைத்துவிடும். அடுத்த கலவையில் 5 மில்லிலீற்றர் நீருக்குப் பதிலாக 5 கிராம் கிளிசரின் சேர்த்து, இரண்டு துண்டுகளையும் அதே யன்னலில் வைத்து மணித்தியாலத்துக்கு ஒருமுறை நிறுத்து ஒப்பிடுங்கள்.